ஓட்டையை மூடாதை

திரேசம்மா அன்ரி இறந்துபோய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூட இடைவேளையில் பாதிப் பாண் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மாதான் கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்தார். “அன்ரி மோசம் போயிட்டா. லிபெர்த்தா றோட்டிலை, வேலைக்குப் போகேக்கை, பஸ் தரிப்பிலை நெஞ்சடைச்சு.” வருடம் முழுவதும் அம்மாவை ஏமாற்றுகிறவள் நான். இன்றைக்கு அம்மாவின் முறை என்று நினைத்து, சிரிக்கிற முகம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். உடனே அம்மா அழைப்பு எடுத்தார். அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சிரிக்கிற முகம் இன்னும் அந்தச் செய்திக்குக் கீழேயே கிடக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

அன்ரியின் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிற உங்கள் எல்லோருடைய குசினிக்குள்ளும் அன்ரி ஒருமுறையாவது ஸ்டூல் போட்டு ஏறியிருப்பார். பலெர்மோவில் குளிர் தெருவில் இருப்பதைவிட வீட்டுக்குள்தான் கூட. நாங்கள் குளிருக்கு எதிராகக் கண்டுபிடித்த ஒரே ஆயுதம் பழந்துணி. குசினிச் சுவரில் காற்று வருவதற்காக விட்டிருக்கிற வட்ட ஓட்டையைக் கண்டால் போதும், துவாய், பனியன், ஒற்றைக் காலுறை என்று எதையாவது திணித்துவிடுவோம். அதே குசினியில்தான் கல்தாயா, அதாவது வீட்டைச் சூடாக்குகிற காஸ் கொதிகலன், எரிகிறது. ஐப்பசி பிறந்தால் அன்ரி வீடு வீடாக வந்து அந்தத் துணிகளைப் பிடுங்குவார். நத்தார்ப் பெருநாளுக்கு அவற்றைத் தோய்த்து மடித்துத் திருப்பித் தருவார். “இந்தாங்கோ, உங்கடை மூச்சு,” என்பார். உங்களுக்கு அவர் ஓட்டை அன்ரி. அவருக்கு நான் ஓட்டைவாய். நல்ல சோடி.

அன்ரி தான் வேலை செய்த வீட்டுக்காரச் சிஞ்ஞோராவிடம் கல்தாயா பார்க்க வருகிற ஆளைக் கவனித்தே எல்லாம் பழகினாராம். ஒரு சின்னத் திறப்பால் சுவரோரமாகச் சுடுநீர் ஓடுகிற சூட்டுத் தகடுகளின் ஆணியைத் திருகி, உள்ளே அடைபட்ட காற்றை ‘புஸ்’ என்று வெளியே விடுவார். தண்ணீர் சொட்டத் தொடங்கும்வரை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே பிடித்திருப்பார். “காத்து குழாய்க்கை நிக்கக் கூடாது, குசினிக்கை நிக்கோணும். நீங்கள் எல்லாத்தையும் மாறி வைச்சிருக்கிறியள்,” என்று அம்மாவுக்குப் பேச்சு விழும். அம்மா “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்பார். அன்ரி படி இறங்கி முடியுமுன் துவாய் திரும்ப ஓட்டைக்குள் போய்விடும்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு மட்டும் அவர் பகிடி விடவில்லை. மன்னாரிலிருந்து வந்த முதல் மாரியில், ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, குளிர் தாங்காமல் தன் சால்வையால் ஓட்டையை அடைத்திருக்கிறார். மத்தியானம் சமைத்துக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றியது. தொட்டிலில் கிடந்த மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். பிள்ளை நித்திரை என்று நினைத்தாராம். அவருடைய கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்தபடியால்தான் இரண்டு பேரும் பிழைத்தார்கள். “குளிர் எண்டால் உன்னைத் திட்டும், நடுங்க வைக்கும், எழுப்பிப்போடும். மற்றது, அந்த எரிஞ்ச காஸின்ரை நஞ்சு, ஒரு சத்தமும் போடாது பிள்ளை,” என்றார்.

இதைக் கேட்ட பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். போன வருடம் துவாய்க்குப் பின்னால் ரப்பர் பல்லி ஒன்றை வைத்தேன். அன்ரி துணியை இழுக்க, பல்லி அவர் கழுத்துக்குள் விழுந்தது. “யேசுவே!” என்ற சத்தத்தில் மேல்மாடி நாய் குரைத்தது. இறங்கி வந்து, பல்லியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “பொறடி கழுதை. உனக்கு இருக்கு.”

இந்த வருடத் திருவிழாவில் நான் மண்டப மேடையில் அவரைப் போலவே நடித்துக் காட்டினேன். ஸ்டூல், காலுறை, காஸ் மணக்கிறதா என்று அவர் ஒவ்வொரு மூலையாக மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறது, எல்லாம். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அன்ரி மட்டும் வாயைப் பொத்தியபடி எழும்பி வெளியே போனார். நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை ஓட்டை பார்க்க வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் ஒரு குறும்பும் ஆயத்தம் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும் காத்திருந்தேன். அவர் வரவில்லை. “கோவமாக்கும். நாலு தெருத்தானே, போய்க் கேளன்,” என்றார் அம்மா. நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் போக்கினேன். பதினோராம் நாள்தான் அந்தச் செய்தி.

அடக்கம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு குளிர் இறங்கியது. கல்தாயாவைப் போடுமுன் நானே ஸ்டூலில் ஏறி ஓட்டையின் மூடியைக் கழற்றினேன். அம்மாவின் துவாயைக் காணவில்லை. அந்த இடத்தில் என் ரப்பர் பல்லி குந்தியிருந்தது. அதற்குச் சிவப்புக் கம்பளியில் அளவாக ஒரு சட்டை பின்னிப் போட்டிருந்தது. வயிற்றில் மடித்துச் செருகிய துண்டில் அன்ரியின் கையெழுத்து.

“சனிக்கிழமை எண்டு சொன்னால் நீ ஏதும் வைச்சுக்கொண்டு இருப்பாய் எண்டு தெரியும். அதுதான் வியாழக்கிழமையே, ஒருத்தரும் இல்லாத நேரம், அம்மா தந்த திறப்பாலை திறந்து வந்தனான். பல்லிக்குக் குளிராது. ஓட்டையை மூடாதை. மேடையிலை சிரிச்சுச் சிரிச்சு மூச்சு முட்டிப் போச்சு, அதுதான் வெளியாலை போனனான். ஆனால் நான் மூக்கை உறிஞ்சிறது அப்பிடியில்லை. வீட்டை வா, காட்டித் தாறன்.”

நாலு தெரு. பத்து நாள் அவர் என்னை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அன்றைக்கு மூச்சு முட்டியது சிரிப்பால் மட்டும்தானா என்று அவருடைய மகளிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை.

பல்லியைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்திருக்கிறேன். ஓட்டைக்கென்று வைத்திருந்த மற்றத் துவாயையும் அம்மா தானாகவே வெட்டித் தரைத்துணி ஆக்கிவிட்டார். குசினிக்குள் குளிர் தாராளமாக வருகிறது. நான் கம்பளிச் சட்டையோடு இருந்து இதை எழுதுகிறேன். மண்டபத்தில் நத்தாருக்கு ஓட்டை அன்ரியை இன்னொருமுறை நடித்துக் காட்டச் சொல்லி உங்களில் சிலர் அன்பாகக் கேட்டீர்கள். குறை நினைக்காதீர்கள். அவர் மூக்கை எப்படி உறிஞ்சுவார் என்று எனக்குத் தெரியாது. பிழையாகச் செய்ய மட்டும்தான் தெரியும்.