நிக்க மாட்டேன்

என் அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் நம்பினேன். கொஞ்ச நஞ்சமல்ல, சோறு இறங்காத அளவுக்கு நம்பினேன். சங்கரன்கோவிலில் பிறந்தவனை இதற்காகக் குறை சொல்லக் கூடாது. மற்ற ஊர்ப் பையன்களுக்கு மனநலம் என்பது வெறும் சொல். எங்களுக்கு அது ஓர் இடம். கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி இருக்கிறது. மனம் சரியில்லாதவர்களை எங்கெங்கிருந்தோ கூட்டிவந்து அதில் உட்கார வைப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவன் காதில், பத்தாவது படிக்கும் அக்கா வந்து, "எம்மா, வெள்ளிக்கிழமை வர லேட்டாகும். ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைகளுக்கு மனநல வகுப்பு போடுதாங்க" என்று சொன்னால் அவன் என்ன செய்வான்?

அம்மா, "சரிட்டீ, தலையை ஒழுங்காப் பின்னிட்டுப் போ" என்றாள். அந்த நிதானம்தான் என்னை முதலில் கலக்கியது. விஷயம் முற்றிப்போய்விட்டது, அம்மா மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் விசைத்தறி ஓடியது. தெருவில் எல்லா வீட்டிலும் ஓடியது. அந்தக் கடகடப்பில் நாங்கள் யாரும் பேசுவதில்லை, கத்துவோம். கத்தத் தெரியாத ஒரே ஆள் அக்கா. அதனால் அவள் சொன்னது எதுவும் யாருக்கும் பாதிக்கு மேல் கேட்டதில்லை. பரீட்சை முடிந்ததும் அவள் வீட்டோடு இருந்து தார் சுற்றட்டும், அதாவது தறி நாடாவுக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றித் தரட்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அதை அவர் அறிவித்தபோது அக்கா ஏதோ சொன்னாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டார்.

வகுப்பு தொடங்கியபின் நான் அக்காவைக் கண்காணித்தேன். நோய்க்குறிகள் வரிசையாக வந்தன. கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று தன்னையே முறைத்தாள். வயிற்றில் கையை வைத்துப் பூதம் போல மூச்சு இழுத்தாள். பிறகு கண்ணாடியிடம் பேசினாள். தறிச் சத்தத்தில் வாக்கியத்தின் வால் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது: "...நிக்க மாட்டேன்." மறுபடியும் மூச்சு. மறுபடியும், "...நிக்க மாட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

இது குடும்பத்தில் பரவுமோ என்று சோதிக்க, யாரும் இல்லாத நேரத்தில் நானும் அந்தக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். பேசத் தோன்றவில்லை. மூக்கு நோண்டத்தான் தோன்றியது. தெம்பாக இருந்தது.

ஆனாலும் அக்கா இல்லாவிட்டால் என் வீட்டுக்கணக்கை யார் போடுவது? எங்கள் தறியில் வேலை பார்த்த அண்ணாச்சியிடம் போய் அவர் காதுக்குள் கத்தினேன். "அண்ணாச்சி, புத்தி சரியில்லாதவங்களுக்கு என்ன குடுக்கணும்?"

"ஏம்லே, உனக்கா?"

"எனக்கில்ல. வேற ஒருத்தருக்கு."

"கோயில் புத்துமண்ணைக் கரைச்சுக் குடு. உனக்குன்னா ரெண்டு மடங்காப் போடு" என்றார் அண்ணாச்சி.

சாமி அலமாரியில் கோயில் புற்றுமண் ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கும். சிட்டிகைதான் வழக்கம். நோயின் வேகத்தைப் பார்த்து நான் கை நிறைய அள்ளினேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்காவுக்கு மோரில் கலந்து நீட்டினேன். தம்பி தானாக மோர் கொண்டுவந்து தருகிறானே என்று அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தாகம் விடவில்லை. ஒரு வாய் உறிஞ்சியவள் அவ்வளவையும் என் சட்டைமேல் துப்பினாள்.

"ஏலே, என்னத்தலே கலந்தே?"

"புத்துமண்ணு. உனக்குக் கிறுக்குல்லா பிடிச்சிருக்கு" என்று சொல்லி நான் அழுதுவிட்டேன்.

கலவரத்தைப் பார்த்து அம்மா அடுப்படியிலிருந்தும் அப்பா பின்கட்டிலிருந்தும் வந்தார்கள். கண்ணாடி, மூச்சு, முறைப்பு எல்லாவற்றையும் அவரிடம் கத்தி ஒப்பித்தேன். கடைசியில், "நிக்க மாட்டேன், நிக்க மாட்டேன்னு சொல்லுதாப்பா" என்றேன்.

"என்ன மாட்டாளாம்?" என்று அப்பா காதைக் கொடுத்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்தாள். ஐயோ, மறுபடியும் வந்துவிட்டது என்று நான் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்படி அவள் வாயைத் திறந்த நேரத்தில் கரண்ட் போனது. தெரு முழுக்க அத்தனை தறியும் அடங்கியது.

"எப்பா, நான் பத்தாவதோட நிக்க மாட்டேன். மேல படிக்கப் போறேன்."

தெருக்கோடி டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், "யாரு, நம்ம பக்கத்து வீட்டுப் பிள்ளையா? படிக்கட்டும், படிக்கட்டும்" என்றது.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "இதை மெதுவாச் சொன்னா என்னட்டீ?"

"மெதுவாத்தாம்ப்பா சொன்னேன். அன்னைக்கு."

அப்பா பின்கட்டில் நின்றுபோன தறியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ தார் சுத்த ஆளு?" என்று பொதுவாகக் கேட்டவரின் கண் அம்மாவின் சேலை ஓரத்தில் வந்து நின்றது.

புற்றுமண்தான் அக்காவைக் குணமாக்கியது என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வகுப்பில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவளிடம் கேட்கத் தோன்றியதேயில்லை.

மண் ஒரு துளிகூட அவள் தொண்டைக்குள் போகவில்லை. எல்லாம் என் சட்டையில்தான் இருந்தது. ஜூன் மாதம் அக்கா பிளஸ் ஒன் போனாள். சனி, ஞாயிறு நான் தார் சுற்றினேன்.