கரம்பொன் வளவில் ஏழு பானைத் துண்டுகள்

‘மாசி, செவ்வாய், காலை எட்டரை. கரம்பொன். மலசலகூடக் கிடங்கு, இரண்டடி ஆழம். பச்சை மெருகிட்ட சீனத் துண்டு மூன்று, தடித்த சாடி விளிம்பு இரண்டு, உள்ளூர்ப் பானைத் துண்டு இரண்டு.’

என் குறிப்புப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. கிடங்கு வெட்டியது எங்கள் தீவில் கடற்றொழில் செய்யும் ஒரு குடும்பத்தின் வீட்டு வளவில். பழம்பொருள்களில் எனக்குள்ள ஈடுபாடு தெரிந்து அந்த வீட்டுப் பெண்மணி ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

மூன்று வகையும் ஒரே குழியில் கிடந்ததுதான் என்னை மயக்கியது. சீனக் கலம் மட்டும் என்றால் யாரோ ஆசையாக வைத்திருந்த கோப்பை என்று விட்டுவிடலாம். தென்னிந்தியக் கரையிலிருந்து சரக்கு ஏற்றிவந்தது போன்ற சாடியும், புகை படிந்த சமையல் பானையும் கூடவே கிடந்தால் கதை வேறு. கிழக்குக் கப்பலும் மேற்குக் கப்பலும் காற்று மாறும்வரை இங்கே தரித்து நின்று, சரக்கு மாற்றி, சோறும் ஆக்கியிருக்க வேண்டும். சோழர் காலக் கடல் வணிகம் பற்றி நான் வாசித்ததெல்லாம் இந்த வளவில் வந்து இறங்கிவிட்டது போலிருந்தது. வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு அப்படியே கட்டுரை எழுதிக் கொடுத்தேன்.

மலர் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கையில், குழியின் அளவைச் சரிபார்க்கப் போனேன். அந்தப் பெண்மணி முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, பக்கத்து வளவிலை இப்பிடி வெள்ளை மணல் இல்லையே?”

“இது எங்கட மண் இல்லை அண்ணை. வளவு பள்ளமெண்டு வீடு கட்டேக்கை ரக்டர் பெட்டியிலை ஏத்திக்கொண்டந்து கொட்டினது.”

“முந்தியே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் கேக்கேல்லையே. சீனாக்காரன்ரை கோப்பை எண்டீங்கள், நானும் ஓம் எண்டன். மண்ணுக்கு ஆர் பிறப்பத்தாட்சி எடுத்து வைக்கிறது?”

எட்டரை மணி என்று எழுதிய நான், மண் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேயில்லை. மூன்று வகையும் ஒன்றாகக் கிடந்தது கப்பற்காரர் செயலாக இருக்கலாம், ரக்டர் பெட்டியின் செயலாகவும் இருக்கலாம்.

கட்டுரையைத் திருப்பிக் கேட்டதும் மலரின் செயலாளருக்கு முகம் மாறியது.

“ஊருக்குக் கப்பல் வந்ததெண்டால் ஆருக்கு அண்ணை நட்டம்?”

“நாளைக்கு ஒருத்தர் இதை நம்பி எழுதுவார்.”

“அப்ப நாலு பக்கத்துக்கு நான் என்னத்தைப் போடுறது? இன்னும் நாலு வாழ்த்துச் செய்தியோ?”

அன்றே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். தலைப்பிலிருந்து ஊரின் பெயரை எடுத்தேன். கப்பல்கள் தரித்த பகுதியையும் எடுத்தேன். நாலு பக்கம் ஒன்றரையானது.

ரக்டர் ஓட்டியவர் இப்போது புளியங்கூடலில் இருக்கிறார். மண்ணை, சீனக் கலங்கள் முன்பே அகழ்ந்தெடுக்கப்பட்ட அல்லைப்பிட்டிப் பக்கம் ஏற்றியதாக முதலில் சொன்னார், பிறகு மண்கும்பான் என்றார். இரண்டில் எது சரி என்பதை இன்னும் என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.