வந்த நோய்க்குக் கிடையாது

எங்கள் தீவு நாட்டில், நமாகா என்ற ஊரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி ஒருவர் அடிக்கடி வருவார். ஒட்டிய கன்னம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைமுடி. கூரைக்கு மேல் விமானம் பறந்தால் பேச்சை நிறுத்தி, சத்தத்தை வைத்தே "சிட்னி" என்றோ "ஆக்லாந்து" என்றோ சொல்லிவிட்டுத்தான் தொடர்வார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பயணிகள் குறைந்துபோனார்கள். ஐம்பதைத் தாண்டிய அவரைப் போன்றவர்களை முன்கூட்டியே ஓய்வுபெறச் சொல்லிவிட்டார்கள். வேலையோடு குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். கைக்கு வரும் தொகையில் புதிதாக ஒன்று எடுக்கத்தான் அவர் நடையாய் நடந்தார்.

"சம்சாரத்துக்குச் சர்க்கரை இருக்கு தம்பி. அதுக்குத்தான் கேக்கிறேன்."

"ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் கிடைக்காதுங்க ஐயா."

"அப்ப வராத நோய்க்கு மட்டும் கட்டணுமா? இருவது வருசம் என் சம்பளத்துல புடிச்சாங்களே, அப்பல்லாம் அவளுக்கு ஒண்ணுமே இல்லியே!"

மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். விதியை மாற்ற முடியாது என்றார்கள்.

கடைசியாக வந்த அன்று, "மத்த நோய்க்காச்சும் ஆவட்டும், அவளையும் புள்ளைங்களையும் போடு. என்னை எடுத்துடு. அந்தக் காசுல அவ சர்க்கரைக்குத் தவாய் வாங்கிக்கிறேன்" என்றார்.

"உங்களுக்கு ஏதாவது வந்தா?"

"வரக்கூடாது. அவ்ளோதான்."

படிவத்தில் அவர் பெயரை நான்தான் அடித்து நீக்கினேன். அவர் என் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.