எலுமிச்சம்பழம் கட்டிய குழாய்

ஆயுத பூஜையன்று மகளின் டர்போ காருக்கு எலுமிச்சம்பழம் கட்டினேன். முன்னால் கட்டினால் கழற்றிவிடுவாள் என்று, பானெட்டைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாயில் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து, வேகம் கூட்டும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தாலே கார் படபடவென்று அடித்துக்கொண்டது. நானும் மகளும் ஈப்போ பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். எங்கும் நுரை வரவில்லை.

"காத்து ஒழுகல தங்கச்சி. மிச்சக் காத்தைத் திருப்பி விடுற வால்வு திறக்கல. அதுக்குப் போற சின்னக் குழாய்ல ஏதோ அடைப்பு. கார் ஒரு வாரம் இங்க இருக்கட்டும் லா."

"ஒரு வாரமா? காம்பார்ல புது வேலைண்ணே, கார் இல்லாம அவ்ளோ தூரம் போக முடியாது, லீவும் கேக்க முடியாது!" மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளி ஆட்களிடம் எனக்குப் பேச்சே வராது. ஆனாலும் கேட்டேன்: "தம்பி, அந்தக் குழாய் எங்க இருக்கு?"

காட்டினார். "அதுலதான் நான் பழம் கட்டினேன்."

கையை விட்டுப் பழத்தைத் தூக்கிக் காட்டினார். "அம்மா, சாமி காரைக் காப்பாத்த வந்துச்சு, நீங்க அது கழுத்தை நெரிச்சிட்டீங்க!"

பட்டறையே சிரித்தது. மகளும் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கயிற்றை அறுத்ததும் கார் சத்தமில்லாமல் ஓடியது.

தப்பை ஒத்துக்கொண்டால் திட்டுவார்கள் என்றே இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அன்று அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.