கதவு இடித்த மூக்கு

எஸ்பியர் துறைமுகத்தில் ராக்னில்டின் கைக்குப் பயப்படாதவர்கள் குறைவு. மீன் ஆலையில் இடுப்பைக் கிள்ளிய மேஸ்திரியை மீன் பெட்டியாலேயே அறைந்து இரண்டு பல்லைக் கழற்றியவள். அது அவனுக்கு வேண்டியதுதான். ஆனால் அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. புருஷன் ஒரு வருடம் அடி வாங்கிவிட்டு ஓடிப்போனான். மகன் தோர்கிலுக்கு ஓட இடமில்லை. எட்டு வயதில் வீங்கிய கண்ணோடு பள்ளிக்குப் போனவன், கேட்ட டீச்சரிடம், "கதவு இடிச்சிருச்சு" என்றான். ராக்னில்ட் வகுப்பு வாசலில் நின்று அதைக் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை.

நாற்பது வருடச் சிகரெட் நுரையீரலைத் தின்றுவிட்டது. எழுபது வயதில் மூக்கில் ஆக்சிஜன் குழாய், மூலையில் உறுமும் மிஷின். போன மாதம் உதவிக்கு வந்த பெண் மேல் கோப்பையை வீசினாள்.

"இன்னொரு தடவை கை நீண்டுச்சு, முதியோர் இல்லந்தான். சொல்லிட்டேன்" என்றான் தோர்கில்.

அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறொன்றும் இல்லை. சத்தியம் செய்தாள்.

அவள் பிறந்தநாளுக்குக் கேக்கும், ஊர் வழக்கப்படி குட்டிக் கொடிகளும் வாங்கி வந்தான். மெழுகுவத்தியும்தான். அது இல்லாமல் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கோப்பை காப்பிகூட இறங்காது.

"நெருப்பு வேணாம்டா."

"மிஷினைத்தான் அணைச்சுட்டேனே!"

காப்பி குடிக்கக் கழற்றிய குழாய், அவன் மிஷினை அணைக்கும்வரை அரை மணி நேரமாக அவள் மடிப் போர்வையில் சீறிக்கொண்டு கிடந்திருந்தது. ஆக்சிஜன் துணிக்குள் தங்கும், அணைத்த பிறகும் அரை மணி நேரம் நெருப்பு கிட்டே வரக்கூடாது என்று நர்ஸ் பொடில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"துணியில... நிக்கும்டா... நர்ஸ்..."

"நர்ஸ் சொன்னா வேதவாக்கா? ஒரே ஒரு மெழுகுவத்திம்மா!" தீக்குச்சியை உரசி, அவள் முன்னிருந்த கேக்கின் பக்கம் குனிந்தான்.

அடுத்த வார்த்தைக்கு அவளிடம் மூச்சில்லை. கை இருந்தது. எழுந்த வேகத்தில் அவன் மூக்கிலேயே குத்தினாள். நாற்காலியோடு சாய்ந்தான். மடியிலிருந்து வழுக்கிய போர்வைமேல் குச்சி விழுந்ததுதான் தாமதம், போர்வை முழுதும் பக்கென்று பற்றி, தீ ஆளுயரத்துக்கு எழுந்தது. காலால் அதை உதைத்துத் தள்ளினாள், பாதம் வெந்தது. தோர்கில் ரத்தம் ஒழுக அதன் நுனியைப் பிடித்திழுத்து, பால்கனிக் கதவைத் திறந்து மழையில் எறிந்தான். உள்ளங்கைத் தோல் அதோடு போயிற்று.

வழக்கம்போல வந்த பொடில் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தாள். இருவர் காயத்தையும் தண்ணீரில் நனைத்தாள். பிறகு குறிப்பேட்டை எடுத்தாள்.

"மூக்குக்கு என்னாச்சு, தோர்கில்?"

"கதவு இடிச்சிருச்சு."

நாற்பத்தெட்டு வயது ஆள், அதே குரலில் சொன்னான். ராக்னில்டுக்கு வெந்த பாதத்தைவிட அது எரிந்தது.

"கதவு இல்ல" என்றாள் மூச்சு வாங்க. "நான்தான் அடிச்சேன். எட்டு வயசுலயும்... கதவு இல்ல. அதையும் எழுதிக்கோ."

தோர்கில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து பொடிலிடம் நீட்டினான்.

"உரசுனது நான்னு எழுதுங்க. இதைக் கொண்டு போயிருங்க. அம்மா இங்கேயே இருக்கட்டும்."