சம்பந்திக்கு எஃப் ஏழில் எழுதிய கடிதம்

மகள் ஜப்பானில் ஒரு ஜப்பானியரைக் கட்டி ஐந்து வருடமாகிறது. பேத்திக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. நானும் மனைவியும் அந்தப் பிள்ளையை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்திருக்கிறோம். எல்லாம் கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குள். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

ஆவணியில் மானிப்பாயில் எங்கள் வீட்டில் வைத்துப் பிள்ளைக்குக் காது குத்துவதென்று பேசினோம். மகளுக்கும் மருமகனுக்கும் சம்மதம். மருமகனின் தகப்பன்தான் பிடிகொடுக்கவில்லை. எழுபத்தெட்டு வயது, தபால்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. அவரைத் தனியே விட்டுவிட்டு மருமகன் வரமாட்டார். மருமகன் வராவிட்டால் பிள்ளையும் வராது.

"அவருக்கு என்னவாம் பிரச்சினை?" என்று மகளைக் கேட்டேன்.

"நீங்கள் இன்னும் அவரைக் கூப்பிடேல்லையாம், அப்பா."

"போன ஞாயிறு வீடியோவிலை கையைக் காட்டிக் கூப்பிட்டனான்தானே?"

"நீங்கள் நுளம்பு கலைக்கிறியள் எண்டு நினைச்சவர். நீங்களே எழுதவேணுமாம். அவர் வாசிக்கவேணுமாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. படலையைத் திறந்து உள்ளே வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லாத கலியாணத்துக்கு நானும் போவதில்லை. தொலைபேசியில் மட்டும் சொன்ன ஆறு கலியாணங்களை இதுவரை விட்டிருக்கிறேன். அதில் ஒன்று என் மைத்துனரின் மகளுடையது.

மொழிபெயர்க்கும் யந்திரத்தை நம்ப முடியாது. வருடப்பிறப்புக்கு அதைக் கொண்டு ஒரு வாழ்த்து அனுப்பினோம். 'உங்கள் அப்பா சலவை இயந்திரத்தோடு வரும் புத்தகம் மாதிரி எழுதுகிறார்' என்று சம்பந்தி சொன்னாராம்.

ஆகவே நானே எழுதுவதென்று முடிவாயிற்று. மகள் அங்கிருந்தபடியே என் கணினிக்குள் புகுந்து ஜப்பான் மொழியைப் போட்டுவிட்டாள். திரையில் அம்பு தானாக நடந்து திரிந்தது. நான் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பிறகு ஏழு வரியில் ஒரு கடிதத்தை ஆங்கில எழுத்தில் அனுப்பினாள். இருநூற்று எண்பத்தாறு விசைகள். கூடவே பதினொரு குறுக்குவழிகளும் வந்தன. அவற்றை ஒரு மட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

யன்னல் படம் போட்ட விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அமத்தினால் கணினி ஜப்பானுக்குப் போகும். அங்கே ஆங்கில எழுத்தைத் தட்டத் தட்ட அவர்களுடைய எழுத்து வரும், அடியில் ஒரு கோட்டோடு. என்டரை அமத்தும்வரை கோடு போகாது. எஸ்கேப் விசையை அமத்தினால் எல்லாம் அழிந்துபோகும். எஃப் ஆறு என்றால் வளைந்த எழுத்து, இடியப்பம் பிழிந்தது போல. எஃப் ஏழு என்றால் நேரெழுத்து, ஈர்க்குகளை முறித்துப் போட்டது போல. எஃப் எட்டு அதையே நோஞ்சானாக்கும்.

இடைவெளி விசைதான் என்னை வதைத்தது. அதை அமத்தினால் ஒரு சொல்லுக்கு எழுதக்கூடிய சித்திர எழுத்துகளெல்லாம் வரிசையாக வரும். சரியானதை நாம் தெரிந்தெடுக்கவேண்டும். ஒரு சொல்லுக்குப் பத்தொன்பது வந்தன. நில அளவைக் கந்தோரில் முப்பத்தேழு வருடம் படம் வரைந்தவன் நான். ஒரு காணிக்குள் இவ்வளவு கோட்டைக் கண்டதில்லை. பத்தொன்பதில் பதினெட்டுப் பிழை. பிழையானதைத் தெரிந்தெடுத்துச் சம்பந்தியைத் திட்டிவிட்டால் பிள்ளை வராது.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து என் விரலைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கடிதம் எழுதிறியளோ, கோழிக்கு அரிசி கொத்தப் பழக்கிறியளோ?"

"சும்மா இரு. நூற்றித் தொண்ணூற்றி நாலிலை நிக்கிறன்."

அப்போது மின்சாரம் போனது. நூற்றுத் தொண்ணூற்று நான்கும் போயின.

இரண்டு மணித்தியாலத்தின் பின் வெளிச்சம் வந்தது. இனி அடுத்த வெட்டுக்கு முன் முடித்தாகவேண்டும். கடிதத்தைக் குறைக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு வரியும் காலநிலை. அவருக்கு அவருடைய காலநிலை தெரியும், வெட்டினேன். சுகம் விசாரிப்பு ஒரு வரி. வந்தால் நேரில் விசாரிக்கலாம். காது குத்து பற்றி இரண்டு வரி. அது மகள் சொன்னதுதானே. 'தயவுசெய்து' என்பதற்கு ஏழு விசை. இரண்டு இடத்தில் வந்தது. பதினான்கு விசை மிச்சம். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'பிள்ளையோடு வா. விரைவாக வா. காத்திருக்கிறேன்.'

சித்திர எழுத்தின் பக்கமே போகவில்லை. எஃப் ஏழை அமத்தினேன். எல்லாம் நேரெழுத்தாக நிமிர்ந்து நின்றன. தெரிவும் இல்லை, பிழையும் இல்லை. என்டரோடு சேர்த்து நாற்பத்தொரு விசை. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பெருமையோடு ஆறிய தேத்தண்ணியைக் குடித்தேன்.

இரண்டு மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள். மகள் அழுகிறாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன? மூச்சு இருக்கே?"

"ஏன்? இப்பதான் ரெண்டாவது கோப்பை தேத்தண்ணி குடிச்சவர். வடை இல்லையோ எண்டு கேக்கிறார்."

விளக்கம் பிறகு வந்தது. அந்த நாட்டில் முந்தித் தந்திகள் முழுக்க அந்த நேரெழுத்தில்தான் வருமாம். காலநிலை இருக்காது, மரியாதை இருக்காது, 'விரைவாக வா' மட்டும் இருக்கும். என் சம்பந்தி இருபது வருடம் சைக்கிளில் அந்தத் தந்திகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். என் கடிதத்தைக் கண்டதும் எழுந்து நின்றாராம். அவரைக் குறைசொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கும் மொத்தம் ஏழு தந்தி வந்தது, ஏழும் செத்தவீடு.

மகளுக்குச் சொல்லுமுன்னரே அவர் நாலு விமானச் சீட்டு வாங்கிவிட்டார். மகனின் கந்தோருக்குப் போய், வாசலில் நின்று லீவும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"காது குத்துக்கு எண்டா லீவு தரமாட்டாங்கள், சாகக் கிடக்கிறார் எண்டதும் உடனை தந்திட்டாங்கள்," என்றாள் மகள். "இப்ப என்னெண்டு போய் இல்லையெண்டு சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லவேண்டாம்," என்றாள் மனைவி. "முதல் வாங்கோ. தேவையெண்டா உவரைப் படுக்கவைக்கிறன்."

"நான் படுக்கமாட்டன்!"

"அப்ப இருமுங்கோ."

நாலாம் நாள் மத்தியானம் விமான நிலையத்திலிருந்து வான் வந்தது. வானுக்குள் இருந்தே நான் உயிரோடு இருப்பது தெரியட்டும் என்று மனைவி என்னை வெள்ளை வேட்டியோடு படலையில் நிறுத்தியிருந்தாள். சம்பந்தி செத்தவீட்டுக் கறுப்பு உடுப்பில் இறங்கினார். என் இரண்டு புயங்களையும் பிடித்து அமத்திப் பார்த்தார். பிறகு இடுப்பு வளையக் கும்பிட்டார். நானும் வளைந்தேன். அவர் திரும்பவும் வளைந்தார். ஆறாவது தடவையில் மனைவி, "காணும், ரெண்டு பேருக்கும் நாரி பிடிக்கப்போகுது," என்றாள். அவர் கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

ஆடி மாதம், காது குத்த நாளில்லை. அதைப் பற்றி என்னைத் தவிர ஒருவரும் கவலைப்படவில்லை.

பிள்ளை மகளின் கையிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. யோசித்தால் நியாயம்தான்: இருநூற்றுப் பன்னிரண்டு தடவையும் அவள் என் நெஞ்சுக்கு மேலேதான் கண்டிருக்கிறாள். எனக்குக் கால் இருப்பது அவளுக்குப் புதுச் செய்தி. குந்தியிருந்து என் வலது காலின் பெருவிரலைத் தொட்டாள். இச்சி என்றாள், ஜப்பான் மொழியில் ஒன்று. அடுத்தது நீ, இரண்டு. அடுத்தது சான். நாலாம் விரலுக்குத் திரும்பவும் இச்சி.

நான் காலை அசைக்காமல் நின்றேன்.