சுவரெழுத்து அழிக்கும் படை

எழுதிப் பிழைக்கிறவர்கள் நாட்டில் நிறையப் பேர். பிறர் எழுதியதை அழிப்பதற்குச் சம்பளம் தேர்தல் காலத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

மற்ற நாட்களில் நான் எறணாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரம் கூட்டுகிறவன். வீடு மட்டாஞ்சேரியில். தேர்தல் அறிவித்த மறுநாள் என்னைச் சுவரெழுத்து அழிக்கும் படைக்குத் தலைவனாக்கிவிடுவார்கள். படை என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒரு ஜீப், ஓர் ஏணி, இரண்டு வாளி கறுப்புப் பெயின்ட், பவுலோஸ் சேட்டன் என்ற போலீஸ்காரர், ரியாஸ் என்ற வீடியோக்காரர், அவ்வளவுதான். ரியாஸ் மற்ற மாதங்களில் கல்யாணங்களைப் படம் எடுப்பவர். அந்தப் பழக்கத்தில், பிடிபட்ட கொடிகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்களைச் சற்றுச் சிரிக்கச் சொல்வார். அவர்களும் சிரிப்பார்கள்.

தேர்தல் வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. போகாதவர்கள், போய்வந்த யாராவது ஒருவரின் முகத்தை நினைத்துக்கொள்ளவும். என் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. கையேட்டை அடிக்குறிப்பு உட்பட முழுக்கப் படித்தவன் நான். படிக்காதவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

முன்பதிவு

கேரளத்தில் ரயிலுக்கு அடுத்தபடியாக அதிகம் முன்பதிவு ஆவது மதில்சுவர். ஒரு தேர்தல் முடிந்த சூட்டோடு அடுத்த தேர்தலுக்கான சுவரைக் கட்சிகள் பிடித்துவிடும். சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரும் ‘புக்டு’ என்ற சொல்லும் எழுதிவிட்டால் போதும். அடுத்த கட்சிக்காரன் அதைத் தொடமாட்டான். சுவருக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார் என்பதும், அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் சட்டம் படித்துவிட்டு எழுதுவதில்லை.

பஜார் பக்கம் செல்வி அக்காவுக்கு ஒரு மெஸ் இருக்கிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சோறு போட்டு, அந்த மனையையே விலைக்கு வாங்கியவர். மெஸ் உள்ளே ஒளிந்திருக்கும். தெருவுக்குத் தெரிவது மதில் மட்டும். அதில் ‘செல்வி மெஸ்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். பாதிச் சுவரை பிஜுவின் கட்சியும் மறுபாதியை நௌஷாதின் கட்சியும் முன்பதிவு செய்திருந்தன. பிஜு, நௌஷாத் இருவரும் அந்த வார்டில் அவரவர் கட்சிக்குச் செயலாளர்கள். இரண்டுக்கும் எல்லைக்கோடு அம்புக்குறியின் நடுவில் போயிற்று. தேர்தல் வந்ததும் கோட்டுக்கு இந்தப்புறம் ஒரு வேட்பாளர் சிரித்தார், அந்தப்புறம் இன்னொருவர் கைகூப்பினார். அம்பு மறைந்தது. புதிதாக வந்தவர்கள் நேராக நடந்து அடுத்த ஓட்டலுக்குப் போனார்கள்.

நாங்கள் போய், விதிப்படி முழுச் சுவரையும் கறுப்பாக்கினோம். அக்கா வெளியே வந்து சற்று நேரம் பார்த்தார். “எழுதினவங்க ஆளுக்குப் பாதிதான் எடுத்தாங்க சார். அழிக்க வந்த நீங்க முழுசையும் எடுத்துட்டீங்க.”

காயலின் நடுவே

ஒருநாள் தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியில் ஒரு புகார் வந்தது. கொடி கட்டிய படகு ஒன்று ஒலிபெருக்கியோடு படகுத்துறைக்கு முன்னால் சுற்றுகிறது, அனுமதி இல்லை. பிரசார வாகனத்துக்கான அனுமதிச் சீட்டை முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்பது விதி. படகுக்கு முன்கண்ணாடி கிடையாது. படகு வாகனம்தானா என்று நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அது காயலின் நடுவுக்குப் போய்விட்டது. அங்கே எங்கள் தொகுதி முடிகிறது. எதிர்க்கரை வேறு தொகுதி, அதற்கு வேறு படை, அந்தப் படைக்கு என்னைப் போலவே ஒரு தலைவர்.

அவருக்குப் போன் செய்தேன். “உங்க பக்கம்தான் சாரே நிக்குது, இங்கேர்ந்து பார்க்கிறேன்” என்றார். நானும் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது அவர் பக்கம் நின்றது. தண்ணீரில் எல்லை எங்கே என்பதற்கு மூன்று விதமான வாதங்கள் உண்டு. மூன்றையும் அவருக்குச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். கடைசியில் பவுலோஸ் சேட்டன் கையைக் குவித்துப் படகை நோக்கிக் கூப்பிட்டார். படகோட்டி ஒலிபெருக்கியிலேயே, மிகுந்த மரியாதையோடு, இரண்டு தொகுதிகளுக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்: “சாரே, எஞ்சின் ஆஃப் பண்ணிட்டேன். கடல் ஏற்றம் வருது, தண்ணி இழுக்குது. எந்தக் கரையில கொண்டுபோய் விடுதோ, அந்தக் கரை சார் பிடிச்சுக்கட்டும்.”

தலை பெருத்த போஸ்டர்

தேர்தல் போஸ்டர் எதுவானாலும் அடியில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குற்றம். தமிழ் வாக்காளர்களுக்காக ஒட்டிய ஒரு போஸ்டரில் இரண்டுமே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், அதில் என்ன இல்லை என்று சான்றளிக்க என்னைக் கூப்பிட்டார்கள். இல்லாததை வாசித்துக் கையெழுத்துப் போட்டது என் வாழ்நாளில் அது ஒருமுறைதான்.

ஒட்டிய பையனிடம் இருந்த பார்சல் ரசீதின்படி, போஸ்டர் சிவகாசியில் அச்சானது. குற்றம் இங்கே, அச்சகம் அங்கே. அந்த மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, அவர் வட்டாட்சியருக்கு எழுதி, அவர் ஆளனுப்புவதற்குள் இங்கே வெற்றி ஊர்வலம் முடிந்துவிடும். ஆகவே நானே அச்சகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அண்ணாச்சி சட்டத்தை நன்றாக அறிந்தவர். பிரிவு எண்ணை எனக்கு முன்னால் அவர் சொன்னார். பிறகு ஏன் போடவில்லை என்று கேட்டேன். “பேரெல்லாம் போட்டுத்தான் அனுப்பினேன் சார். தலைவர் முகத்தை இன்னும் பெருசாக்குன்னு உங்க ஊர்லேர்ந்து நாலு தடவை திருத்தம் வந்துச்சு. கடைசியில அவர் தாடை வந்து எங்க பேர் மேல உக்காந்துடுச்சு.”

பெயர் சொன்ன புகார்

செயலியில் வரும் புகார்கள் அநேகமாகப் பெயரில்லாதவை. பக்கத்துவீட்டுக்காரர், எதிர்க்கட்சிக்காரர், சில சமயம் அதே கட்சியில் சீட் கிடைக்காதவர். அதற்காகக் குறை சொல்வதில்லை. அதில்தான் எங்கள் பிழைப்பு. ஆனால் வழக்கென்று போனால், ‘என் சுவரில் என் அனுமதி இல்லாமல் எழுதினார்கள்’ என்று சொந்தக்காரர் வந்து சொல்ல வேண்டும். யாரும் வரமாட்டார்கள். அந்தத் தேர்தலில் வந்தவர் ஒருவர்தான், செல்வி அக்கா. எங்கள் அலுவலகத்துக்கே வந்து பெயர், விலாசம் எல்லாம் சொன்னார். “அழிச்சது போதும் சார். இனிமே எழுதாம இருக்க என்ன வழி, அதைச் சொல்லுங்க” என்றார். வழக்குதான் வழி என்றேன். கையேட்டில் அப்படித்தான் இருந்தது.

அது அவருக்கு லேசான காரியம் இல்லை. மத்தியானம் அவருடைய மெஸ்ஸில் ஒரு பக்க பெஞ்சில் பிஜு கட்சியின் யூனியன் ஆட்கள், மறுபக்க பெஞ்சில் நௌஷாத் கட்சியின் யூனியன் ஆட்கள். இரண்டு பெஞ்சும் காலியானால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான். வாக்குமூலம் வாங்க நாங்கள் போயிருந்த அன்று பிஜுவும் நௌஷாதும் ஒன்றாக வந்தார்கள். அவர்கள் ஒன்றாக எங்கும் போய் நான் பார்த்ததில்லை.

“சேச்சி, நாம எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி. கேஸ் எதுக்கு?” என்றார் பிஜு.

“குடும்பத்து ஆளுங்க வீட்டுச் சுவத்துல எழுத மாட்டாங்க தம்பி.”

“நாங்க ஒண்ணும் சொல்லல்ல. பசங்கதான் ஒருவேளை வேற இடத்துல சாப்பிட்டுக்குவாங்க” என்றார் நௌஷாத், மேசையைப் பார்த்துக்கொண்டு.

இது மிரட்டலா, தகவலா என்று சட்டரீதியாக நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா யோசிக்கவில்லை. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “வராட்டிப் போகச் சொல்லுங்க. நாளைக்கு நெய்மீன் குழம்பு.”

டேபிள் யாருடையது

மறுநாள் இரண்டு யூனியன்களும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. குழம்பை என்ன செய்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லாததால் நானும் ரியாஸும் போய்ச் சாப்பிட்டோம். பவுலோஸ் சேட்டன், சாட்சி வீட்டில் போலீஸ் சாப்பிடக்கூடாது என்று ஜீப்பிலேயே உட்கார்ந்து, வாசனையை மட்டும் அனுபவித்தார். அந்த வாரக் கடைசியில் இரண்டு பெஞ்சிலிருந்தும் சிலர் கொல்லைப்புற வழியாக வரத் தொடங்கினார்கள். இரண்டு யூனியனும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி சாப்பிட்டன. முன்வாசல் பெஞ்சுகள் மட்டும் வழக்கு முடியும்வரை பாதி காலியாகவே கிடந்தன. அக்கா தேங்காய் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்.

வழக்கு நாளன்று பிஜுவுக்கும் நௌஷாதுக்கும் ஒரே வக்கீல். கூட்டணி என்று நான் எழுதினால் நடத்தைவிதி மீறல் ஆகிவிடும். வக்கீல் திறமைசாலி. சுவரில் ‘புக்டு’ என்று பல வருடங்களாக எழுதியிருக்கிறது, சொந்தக்காரர் ஒருமுறைகூட ஆட்சேபிக்கவில்லை, ஆகவே அது சம்மதம் என்று வாதித்தார். எனக்கே கொஞ்சம் நியாயமாகப் பட்டது. அக்கா கூண்டில் நின்றுகொண்டிருந்தார்.

“மலையாளம் வாசிப்பீங்களா?” என்றார் வக்கீல்.

“வாசிப்பேன் சாரே.”

“புக்டுன்னு எழுதியிருந்ததை வாசிச்சீங்களா?”

“தினமும்.”

“வாசிச்சிட்டுச் சும்மாதானே இருந்தீங்க?”

பின்வரிசையில் இரண்டு யூனியன்களின் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆமாம் என்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். முன்வாசல் பெஞ்சுகள் மறுநாளே நிறைந்துவிடும். அக்கா அவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு வக்கீலிடம் சொன்னார்: “எங்க மெஸ்லயும் டேபிள் புக் பண்ணுவாங்க சாரே. ஆனா அவங்களே டேபிள்ல எழுதி வச்சிட்டுப் போறதில்ல, என்கிட்ட வந்து கேப்பாங்க.”

கோர்ட் பிரியும் வரை

இருவருக்கும் சிறிய அபராதமும், நீதிமன்றம் பிரியும்வரை சிறையும் கிடைத்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இந்தச் சிறைக்குக் கம்பி கிடையாது. மாலையில் நீதிபதி எழுந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி எல்லா விதத்திலும் தண்டனைதான். மின்விசிறிகூட வக்கீல்கள் பக்கம்தான் சுற்றுகிறது. பிஜுவும் நௌஷாதும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். இடையில் எல்லைக்கோடு போட்டாற்போல ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

மத்தியானம் மெஸ்ஸிலிருந்து இரண்டு பார்சல்கள் வந்தன, அக்காவே கொண்டுவந்தார். புகார்தாரர் குற்றவாளிக்குச் சோறு கொடுக்கலாமா என்று கையேட்டில் தேடினேன். தீர்ப்பு வந்துவிட்டதால் தடையொன்றும் தென்படவில்லை. பிஜு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். நீதிபதி என்ன சொல்லியும் வாடாத முகம் அப்போதுதான் லேசாக வாடியது. “சேச்சி, தண்டனை ஒருதடவைதானே குடுக்கணும். மீன் எங்கே?”

வார்டுத் தேர்தல்

சட்டம் வென்றுவிட்டது என்று ஒரு வருடம் பெருமையாக இருந்தேன். பிறகு உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியது. இதை நடத்துவது வேறு ஆணையம், இதற்குக் கையேடு வேறு. வாளிகள் மட்டும் அதேதான். அக்கா கேட்டார்: “போன தடவை தீர்ப்பு வந்துச்சே சார். அதைக் காட்டினா இந்தத் தடவை எழுத மாட்டாங்கல்ல?”

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தத் தீர்ப்பு அந்த எழுத்துக்கு மட்டும்தான். புதிதாக எழுதினால் அது புதுக் குற்றம். புதுப் புகார், புது வழக்கு, மறுபடி கூண்டு. இதை நான் உரிய பிரிவுகளோடு விளக்கினேன். அக்கா உள்ளே போய்விட்டார். இவ்வளவு படித்ததற்கு அன்று நான் வருத்தப்பட்டேன்.

தேர்தல் அறிவித்து, படை கிளம்பியது. முதல் புகாரே அந்தத் தெருவிலிருந்துதான், யாரோ ஒரு சுயேச்சையின் ஆள் அனுப்பியது: ‘பதிவு பெறாத கட்சி ஒன்று சுவரைப் பிடித்து வைத்திருக்கிறது.’ வாளிகளோடு போனோம். தெரு நெடுக, இந்தப் பக்கத்து வீட்டுச் சுவர் முழுக்கச் சிரிப்பு, அந்தப் பக்கத்து வீட்டுச் சுவர் முழுக்கக் கைகூப்பல். நடுவில் அக்காவின் சுவர் வெள்ளைவெளேரென்று நின்றது. போஸ்டர்கள் அதன் விளிம்பில் வந்து, கத்தியால் வெட்டினாற்போல நின்றிருந்தன. சுவரில் நல்ல பெரிய மலையாள எழுத்தில் ‘புக்டு. செல்வி மெஸ். எல்லாத் தேர்தல்களுக்கும்’ என்று எழுதி, அம்புக்குறியும் போட்டிருந்தது. ரியாஸ் அக்காவை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே இரண்டு பெஞ்சும் நிறைந்திருந்தன.

பிஜு சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பவுலோஸ் சேட்டனுக்குப் பொறுக்கவில்லை. “சட்டம் சொல்லி நீ கேக்கல்ல. கோர்ட்டுல உக்கார வச்சும் அந்தப் பக்கத்துச் சுவரை விடல்ல. இதை மட்டும் ஏன் தொடல்ல?” என்று கேட்டார்.

பிஜுவுக்கு அந்தக் கேள்வி உண்மையாகவே மனதைப் புண்படுத்தியிருக்க வேண்டும். சுவரை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார். “அது புக் பண்ணின மதிலு சாரே. எங்களை அவ்வளவு மோசமானவங்கன்னா நினைச்சீங்க?”

இரண்டு ஆணையங்களின் கையேடுகளையும் நான் அடிக்குறிப்பு உட்படப் படித்திருக்கிறேன். மட்டாஞ்சேரியில் ஒரு மனிதர்கூட மீறாத ஒரே விதி இரண்டிலும் இல்லை.